பார்த்தேன் என்று சொல்வதற்கு முன்னால்: மங்கலான வால்நட்சத்திரம் பார்ப்பது எப்படி?

2024 ஏப்ரல். நான் அப்போ முதல் வருஷம். 12பி/பான்ஸ்-புரூக்ஸ் என்ற வால்நட்சத்திரம் சாயங்கால மேற்கு வானில், வியாழன் கோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று யூடியூப் முழுக்க ஒரே பேச்சு. இரவல் வாங்கிய பைனாகுலரோடு ஹாஸ்டல் மொட்டைமாடிக்குப் போனேன். புகை மாதிரி ஏதோ தெரிந்தது. உடனே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் "பார்த்துட்டேன்" என்று போட்டேன். ஒரே பாராட்டு மழை. என் ரூம்மேட் மட்டும் கேட்டான்: "ஏலே, வியாழனுக்கு வலது பக்கமா, இடது பக்கமா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் அதே பைனாகுலரை வேறு திசையில், தெருவிளக்குக்கு மேலே திருப்பினேன். அங்கேயும் அதே புகை! பைனாகுலரை அசைத்தால் அதுவும் கூடவே அசைந்தது. லென்ஸுக்குள் விழுந்த விளக்கு வெளிச்சத்தைத்தான் வால்நட்சத்திரம் என்று ஊருக்கே சொல்லியிருக்கிறேன். ஆனால் குரூப்பில் போட்டதை நான் திருத்தவில்லை.

அந்த வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றிவர சுமார் 71 வருஷம் ஆகும். 1812-இல் ழான் லூயி பான்ஸ் கண்டுபிடித்தார். 1883-இல் வில்லியம் புரூக்ஸ் மறுபடி கண்டார். 1954, 2024 என்று வந்துபோய்விட்டது. அடுத்தது 2095. அப்போ எனக்கு வயசு 90!

நல்லவேளையாக எல்லா வால்நட்சத்திரமும் இவ்வளவு காக்க வைப்பதில்லை. இதே பான்ஸ் 1818-இல் கண்ட இன்னொன்றுக்கு யோஹான் எங்கே என்ற ஜெர்மானியர் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டார். அதனால் அது 'எங்கே வால்நட்சத்திரம்' ஆனது. அதன் சுற்றுக்காலம் 3.3 வருஷம்தான். அடுத்து 2027 பிப்ரவரி 10 வாக்கில் சூரியனுக்கு மிக அருகில் வரும். அதற்கு முந்தைய வாரங்களில் சாயங்கால மேற்கு வானில்தான் தேட வேண்டும். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமல் இருக்க நாலு விஷயம் சொல்கிறேன்.

1. பிரகாச எண்ணை அப்படியே நம்பாதீங்க

பிரகாச எண் 4.5 உள்ள நட்சத்திரம் இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். அதே எண் உள்ள வால்நட்சத்திரம் தெரியாமல் போகலாம். நட்சத்திரத்தின் ஒளி ஒரே புள்ளியில் இருக்கிறது. வால்நட்சத்திரத்தின் ஒளி ஒரு பரப்பு முழுக்க விரிந்து கிடக்கிறது. ஒரு ஸ்பூன் சர்க்கரையை ஒரு டம்ளர் டீயில் போடுவதற்கும் ஒரு குடம் தண்ணீரில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பின்னணி வானம் வெளுத்திருந்தால் அந்த மங்கல் ஒளி அதில் கரைந்துவிடும்.

2. இடம் தேர்வு ஒரு டிரிக்னாமெட்ரி கணக்கு

மேற்கே பார்க்கணும் என்றால் திருநெல்வேலியின் விளக்கு வெளிச்சம் நமக்கு முதுகுப் பக்கம் இருக்கணும். அதாவது ஊருக்கு மேற்கே போகணும். அப்படியானால் பாபநாசம் வரை போய்விடலாமே என்று தோன்றும். ஆனால் மேற்கே மலை நிற்கிறது! அகத்தியர் மலையின் உயரம் 1868 மீட்டர். 40 கிலோமீட்டர் தள்ளி நின்றால் இவ்வளவு உயர மலை சுமார் 2.7 டிகிரி வானத்தை மறைக்கும். 20 கிலோமீட்டரில் 5 டிகிரி. அடிவாரத்துக்குப் பக்கத்தில், 5 கிலோமீட்டரில், 20 டிகிரி போச்சு. அதனால் சேரன்மகாதேவி பக்கம், வயல்வெளியோ ஆற்றங்கரையோ, ஒரு நல்ல சமரசம்.

ரொம்பத் தாழ்வாகவும் பார்க்க முடியாது. அடிவானத்திலிருந்து 5 டிகிரி உயரத்தில் உள்ள பொருளின் ஒளி, தலைக்கு மேலே உள்ளதைவிட சுமார் 10 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. மங்கலான பொருள் இன்னும் மங்கிப்போகும்.

நாளும் முக்கியம். 2027 ஜனவரி 22 பௌர்ணமி, பிப்ரவரி 6 தை அமாவாசை. ஜனவரி கடைசி வாரத்திலிருந்து அமாவாசை வரை சாயங்காலத்தில் நிலா தொல்லை இல்லை. பாபநாசத்தில் தீர்த்தமாட வீட்டுக்காரர்கள் கிளம்பினால், பைனாகுலரோடு நீங்களும் பஸ் ஏறிடலாம்!

3. கண்ணுக்கு நேரம் கொடுங்க

கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கணும். பார்க்கும்போது நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் பாருங்க. மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன.

4. முதலில் வரைங்க, அப்புறம் ஆப்

சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் பைனாகுலரை லேசாக அசைங்க. நட்சத்திரங்களோடு ஒட்டி நிற்கிறதா, லென்ஸோடு சேர்ந்து ஓடுகிறதா? ஒட்டி நின்றால், சுற்றியுள்ள நட்சத்திரங்களோடு சேர்த்து ஒரு தாளில் வரைங்க. கூட வந்தவர் உங்கள் தாளைப் பார்க்காமல் தனியாக வரையட்டும். அதற்குப் பிறகுதான் ஆப்பைத் திறக்கணும். மறுநாளும் வரைங்க. இடம் மாறியிருந்தால் வால்நட்சத்திரம். மாறாவிட்டால் அது நெபுலாவாகவோ கேலக்ஸியாகவோ இருக்கலாம்.

சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒளிப்படத் தட்டு ஒன்றில் புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டார். அப்போ அவருக்கு வயசு 21. பேராசிரியர் பார்ட் போக்கும் கார்டன் நியூகிர்க்கும் அந்த வேலையில் சேர்ந்தார்கள். மூன்று பேர் பெயரும் அதற்கு வந்தது. காவலூர் வானாய்வகத்துக்கு இன்று இருப்பது பாப்புவின் பெயர்தான். என் வயசில் அவர் செய்ததைப் படிக்கும்போது, என் வாட்ஸ்அப் மெசேஜ்தான் ஞாபகம் வருகிறது.

அந்த ஏப்ரலில் நானும் ரூம்மேட்டும் சேரன்மகாதேவிக்கு இரண்டு சாயங்காலம் போனோம். இரண்டு நாளும் மலை மேலே மேகம். வியாழன் மட்டும் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தது. நோட்டில் தேதி, நேரம், இடம், மேகம் எல்லாம் எழுதி, கடைசியில் "தெரியவில்லை" என்று எழுதினேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே குரூப்பில் இன்னொரு மெசேஜ் போட்டேன்: "அன்னைக்கு நான் பார்த்தது வால்நட்சத்திரம் இல்லை." ஒருத்தரும் லைக் போடவில்லை. ரூம்மேட் மட்டும் பக்கத்து சீட்டிலிருந்து, "அடுத்தது எப்பலே வருது?" என்று கேட்டான்.

2027 பிப்ரவரி என்றேன்.