பாக்கெட்டில் நம்பர் இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் தெருமுனைக் கடையில் சிக்கன் 65 நல்ல சிவப்பாக இருக்கும். ஏழு வயது மகன் அதைக் கேட்டு அடிக்கடி அடம் பிடிக்கிறான். "இவ்வளவு கலர் போடலாமா அண்ணே?" என்றேன். உடனே கலர்ப்பொடி பாக்கெட்டை எடுத்துக் காட்டி, "கவர்மென்ட் நம்பர் இருக்கு பாருங்கக்கா, இது சாயப்பொடி இல்ல" என்கிறார். பொய் சொல்கிற ஆள் இல்லை. வாங்கித் தரலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம் அம்மா. கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த 14 இலக்க எண், பொடியைத் தயாரித்தவர் உரிமம் வாங்கியிருக்கிறார் என்பதை மட்டுமே காட்டுகிறது. கோழிக்கறியில் போடலாம் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

டார்ட்ரசின், கார்மோசின், சன்செட் யெல்லோ, எரித்ரோசின் என எட்டு செயற்கை நிறங்களுக்கு நம் நாட்டில் அனுமதி உண்டு. அந்த அனுமதி பொடிக்கு மட்டும் உரியதல்ல. எந்தப் பண்டத்தில் சேர்க்கலாம் என்பதையும் பொறுத்தது. ஐஸ்கிரீம், பிஸ்கட், மிட்டாய், இனிப்பு வகைகள் என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாத பண்டத்தில் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கக் கூடாது. சிக்கன் 65, பஜ்ஜி, பிரியாணி மூன்றும் அதில் இல்லை.

பட்டியலில் உள்ளவற்றுக்கும் அளவு உண்டு. பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம், அதாவது ஒரு கிலோ ஜாங்கிரிக்கு 0.1 கிராம் நிறம். அடுப்படியில் கைக்கணக்காக அள்ளிப் போடுகிறவருக்கு இந்த அளவு எப்படிப் பிடிபடும்? எரித்ரோசினையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் வரைதான் போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு. 20 கிலோ எடையுள்ள பையனுக்கு 2 மில்லிகிராம். கிலோவுக்கு 100 மில்லிகிராம் சேர்த்த பண்டத்தில் 20 கிராம் தின்றாலே அது வந்துவிடும். ஒரு துண்டுக் கறி! அமெரிக்கா 2025 ஜனவரியில் இந்த நிறத்துக்கான அனுமதியையே திரும்பப் பெற்றது.

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குப் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் தடை வந்ததே, அதில் சிக்கியது ரோடமின் பி என்ற துணிச்சாயம். அதற்கு உணவில் அனுமதி இல்லை. அந்தச் செய்திக்குப் பிறகு, 'சாயப்பொடி இல்லை என்றால் சரி' என்ற எண்ணம் பலருக்கும் வந்துவிட்டது. உங்கள் கடைக்காரரும் அப்படி நம்புகிறவராக இருக்கலாம். எந்தெந்தப் பண்டத்தில் போடக் கூடாது என்று பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் தள்ளுவண்டிக்காரரிடம் மட்டும் அபராதம் வசூலிப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீரில் கரைத்துப் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். அனுமதி பெற்ற நிறமும் கரையும், பெறாததும் கரையும். பரிசோதனைக்கூடத்தில்தான் தெரியும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே பரிசோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உணவு சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால், கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். அந்தச் சிரமம் வேண்டாமென்றால் மாவட்ட நியமன அலுவலரிடம் புகார் கொடுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுப்பார்.

அதற்கு முன் ஒருமுறை அவரிடமே பேசிப் பாருங்கள். காஷ்மீரி மிளகாய்த்தூளில் ஊறவைத்தாலே கறி போதுமான சிவப்பாக வரும். கலர் இல்லாமல் ஒரு ஈடு தனியாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். செய்து தந்தால் தாராளமாகப் பையனுக்கு வாங்கிக் கொடுங்கள்.