சித்திர எழுத்துருவும் சில பிரமைகளும்

‘விங்டிங்ஸ்’ என்னும் எழுத்துருவைத் தெரிவு செய்துகொண்டு, என், ஒய், சி என்ற மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தட்டினால், முறையே மண்டையோடு, யூதர்களின் தாவீது நட்சத்திரம், ஆமோதித்து நிமிர்ந்த கட்டைவிரல் ஆகிய சித்திரங்கள் திரையில் வந்து நிற்கும். அந்த மூன்றெழுத்து நியூயார்க் நகரத்தின் சுருக்கப் பெயராகவும் இருப்பதனால், விண்டோஸ் 3.1-உடன் இந்த எழுத்துரு வெளிவந்த 1992-ஆம் ஆண்டிலேயே, யூதர்களுக்கு விரோதமான ரகசியச் செய்தி ஒன்று இதற்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற வதந்தி கிளம்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அது தற்செயலானதே என்று மறுத்த பிறகும் அடங்காமல் உலகைச் சுற்றி வந்தது. 2001 செப்டம்பருக்குப் பின்னரோ, இரட்டைக் கோபுரங்களைத் தாக்கிய விமானத்தின் எண் ‘கியூ 33 என்ஒய்’ என்றும், அதைத் தட்டினால் விமானமும் இரு கோபுரங்களும் மண்டையோடும் நட்சத்திரமும் தோன்றும் என்றும் அடுத்த கதை பரவிற்று. கோபுரங்கள் என்று சொல்லப்பட்டவை வரிகள் நிறைந்த இரண்டு காகிதத் தாள்களே; மோதிய விமானங்களின் எண்களும் அமெரிக்கன் 11, யுனைடெட் 175 என்பவையே அன்றி வேறல்ல.

இக்கதைகளை நம்பினவர்களில் எவரும் அந்த எழுத்துருவின் முழு அட்டவணையைத் தாளில் அச்சிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். பார்த்திருந்தால், ஏ முதல் ஐ வரையில் கைகளும் விரல்களும், அவற்றையடுத்து ஜே, கே, எல் என்ற மூன்றிடத்தில் சிரித்த முகம், சலனமற்ற முகம், சுளித்த முகம் என்பனவும், எம்-இல் வெடிகுண்டும் அதன் அண்டையில் மண்டையோடும், பிறகு கொடிகளும், கியூ-வில் விமானமும், தொடர்ந்து சூரியனும் நீர்த்துளியும் பனித்திவலையும் வரிசையாக வீற்றிருப்பதைக் கண்டிருப்பார்கள். யு முதல் எக்ஸ் வரையில் நால்வகைச் சிலுவைகள், ஒய்-இல் தாவீது நட்சத்திரம், இசட்-இல் பிறையும் விண்மீனும், 91-இல் சீனரின் யின்-யாங் வட்டம், 92-இல் நம்முடைய பிரணவம், 93-இல் தர்மச் சக்கரம் என்று சர்வமத சம்மேளனமாக அந்த வரிசை நகர்ந்து, 94 தொடங்கி 105 முடியப் பன்னிரண்டு ராசிகளில் போய் இறங்குகிறது. இனம் இனமாகப் பிரித்து இடம் கொடுத்ததன் விளைவே அந்த மூன்றெழுத்துச் சேர்க்கை. சார்லஸ் பிகலோ, கிரிஸ் ஹோம்ஸ் என்ற இருவர் மூன்று தனித்தனி எழுத்துருக்களாக வரைந்தவற்றை 1990-இல் மைக்ரோசாஃப்ட் பெற்று ஒன்றாகத் தொகுத்ததே விங்டிங்ஸ். 1997-இல் வந்த ‘வெப்டிங்ஸ்’ எழுத்துருவில் மட்டும், பழைய அவப்பெயர் நினைவில் இருந்தபடியால், அதே மூன்றெழுத்துக்குக் கண், இதயம், நகரத்தின் மாடமாளிகைகள் என்று வேண்டுமென்றே இடம் ஒதுக்கினார்கள். நியூயார்க்கை நான் நேசிக்கிறேன் என்பது பொருள்.

வதந்தியைக் காட்டிலும் பரவலான, அன்றாடக் காரியங்களைக் கெடுக்கிற மற்றொரு நம்பிக்கை உண்டு. திரையில் தெரிகிற சித்திரம் கணினியின் வயிற்றிலும் சித்திரமாகவே இருக்கிறது என்பது அது. உண்மையில் உள்ளே இருப்பது ஓர் எண் மாத்திரமே. ஒரே நடிகர் இரவுக்கு இரவு வேஷம் மாற்றி ராஜாவாகவும் விதூஷகனாகவும் வருவது போல, அந்த எண் எந்த எழுத்துருவை அணிகிறதோ அந்த உருவத்தில் தோன்றுகிறது. அவுட்லுக் மூலம் அனுப்பப்பட்ட மின்னஞ்சல்களில் வாக்கியத்தின் முடிவில் காரணமின்றி ஒரு ‘ஜே’ எழுத்து நிற்பதைப் பலர் கண்டு திகைத்ததுண்டு. அனுப்பியவர் இட்ட புன்னகைக் குறியை மென்பொருள் விங்டிங்ஸின் ஜே ஆக மாற்றி அனுப்ப, பெறுகிறவரின் திரை அந்த எழுத்துருவை மதிக்காதபோது, வேஷம் கலைந்து வெறும் ஜே எஞ்சிவிடுகிறது. தமிழருக்கு இந்த அனுபவம் புதிதன்று. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை, அது இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளே கிடைக்கும். அந்நாளில் டிடிபி செய்தவர்களின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் விசைப்பலகை அட்டவணை ஒன்று கிடந்ததற்கும், அதற்கு எட்டாத எழுத்துகளுக்காக ஆல்ட் விசையோடு சேர்த்து அடிக்கும் எண்கள் அவர்களுக்கு மனப்பாடமாக இருந்ததற்கும் இதுவே காரணம்.

அத்தகைய அட்டவணை ஒன்றைத் தானே தயாரித்துக்கொள்வது நிபுணர்களுக்கே சாத்தியம் என்று எண்ணி, ‘கேரக்டர் மேப்’ என்னும் சிறு சாளரத்தைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகச் சொடுக்கிக் கண்ணை வருத்திக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேர்டு மென்பொருளில் இருபது வரிக்கு மிகாத மேக்ரோ, அதாவது தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்பு, ஒன்று இந்தக் காரியத்தை முடித்துவிடும். எழுத்துருவின் பெயரைக் கேட்டு வாங்கு. புதிய ஆவணத்தில் 16 நெடுவரிசையும் 14 கிடைவரிசையும் கொண்ட அட்டவணையை அமை. 32 முதல் 255 வரை ஒவ்வோர் எண்ணாக எடுத்து, கட்டத்தின் மேலே சாதாரண எழுத்துருவில் அந்த எண்ணையும், கீழே குறியீட்டு எழுத்துருவில் பெரிதாக அதன் உருவத்தையும் இடு: இவ்வளவுதான் கட்டளை. 16-ஐ 14-ஆல் பெருக்கினால் வரும் 224 கட்டங்களும் ஒரே ஏ4 தாளில் அடங்கும். ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் இன்னும் பூரணமாக இருக்குமே என்று நினைப்பது தவறு. 9 தாவலையும், 12 பக்க முறிவையும், 13 புதிய பத்தியையும் குறிக்கும் கட்டுப்பாட்டு எண்களாதலால், அட்டவணை சிதறித் தாள்தாளாக ஓடும்.

மேக்ரோ என்றாலே வைரஸ் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1995-இல் ‘கான்செப்ட்’, 1999-இல் ‘மெலிசா’ ஆகிய வைரஸ்கள் வேர்டு ஆவணங்களின் மேக்ரோக்களில் ஏறிப் பரவியவையே. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவிடுவதற்கும் அத்தகைய அனுபவங்களே காரணம். ஆயினும் ஆபத்து அந்நியர் எழுதி அனுப்பியதில் இருக்கிறதே தவிர, தன் கணினியில் தானே எழுதி, தானே படித்துப் பார்த்து இயக்கும் இருபது வரியில் இல்லை.

மேக்ரோ எழுதத் துணிந்தவர்களையும் இடறச் செய்யும் கல் ஒன்று உண்டு. படிவத்தில் இடும் சரிக்குறி விங்டிங்ஸில் 252 ஆகும். ஆல்ட் விசையை அழுத்தியபடி எண் பலகையில் 0252 அடித்தால் அது வருகிறது. அதையே செருகு பட்டியலிலிருந்து செருகி, அச்செயலை மேக்ரோவாகப் பதிவு செய்து பார்த்தால், 252 இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் 3844 என்ற விசித்திரமான எண் நிற்கும். இது பிழையன்று. குறியீட்டு எழுத்துருக்களின் எண்களோடு விண்டோஸ் 61440-ஐக் கூட்டி, யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அவற்றுக்கு இடம் தருகிறது. 252 அவ்வாறு 61692 ஆகிறது. பதினாறு இருமங்களில் அடங்கும் எண்ணில் 32767-க்கு மேற்பட்டது எதிர்மறையாகவே படிக்கப்படுமாதலால், 61692-லிருந்து 65536 கழிய, மிஞ்சுவது கழித்தல் 3844. அட்டவணைக்கான மேக்ரோவும் எண்ணோடு 61440-ஐக் கூட்டியே எழுதுவது உத்தமம். அவ்வாறின்றி 128 என்று சாதாரண வழியில் கேட்டால், மேற்கத்திய விண்டோஸ் அதை யூரோக் குறியாகிய 8364 என்று மொழிபெயர்த்துக்கொள்ளும், வேறு மொழிக்கு அமைத்த கணினி வேறொன்றாகக் கொள்ளும்.

எதிர்த்திசையில், செருகப்பட்டிருக்கும் குறியின் எண்ணை மேக்ரோவைக் கொண்டே கேட்டு அறியலாம் என்பதும் பாதி உண்மைதான். செருகு பட்டியல் வழியாக வந்த குறியை வேர்டு பாதுகாத்து வைத்திருப்பதனால், அதன் எண் யாது என்று கேட்டால், சரிக்குறிக்கும் 40, மண்டையோட்டுக்கும் 40, பிரணவத்துக்கும் 40 என்று ஒரே விடைதான் வரும். 40 என்பது சாதாரண எழுத்தில் இடப்பக்க அடைப்புக்குறி; விங்டிங்ஸில் தொலைபேசி. விடையை நம்பி மாற்றம் செய்த ஆவணத்தில் தொலைபேசிகளே நிரம்பும். குறியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குறி செருகும் உரையாடல் பெட்டியின் எழுத்துருப் பெயரையும் எண்ணையும் மேக்ரோ வினவினால் மெய்யான விடை கிடைக்கும்.

யூனிகோடு வந்துவிட்டதால் அட்டவணையே வீண் என்பாரும் உளர். ஹெர்மன் ஜாஃப் வரைந்த டிங்பேட்டுகள் என்னும் சித்திரக் குறிகள் 1991-இன் முதற் பதிப்பிலேயே யூனிகோடில் இடம்பெற்றன. விங்டிங்ஸ், வெப்டிங்ஸ் சித்திரங்கள் 2014-இல் ஏழாம் பதிப்பில் சேர்ந்தன. ஆனால் பழைய ஆவணங்கள் பழைய எண்களையே சுமந்துகொண்டிருக்கின்றன. மேலும் ‘சீகோ யூஐ சிம்பல்’ போன்ற யூனிகோடு எழுத்துருவின் பெயரைக் கொடுத்து அதே மேக்ரோவை 61440-ஐக் கூட்டாமல் இயக்கினால், 32 முதல் 126 வரை வெறும் ஆங்கில எழுத்துகளே அச்சாகும். சித்திரங்கள் வேறு பகுதிகளில் உள்ளன. அவற்றுள் 65535-ஐத் தாண்டியவற்றை ஒரே எண்ணால் அழைக்க, மேக்ரோக்களை எழுதும் வி.பி.ஏ. மொழிக்கு இயலாமையால், ஒவ்வொன்றையும் இரு எண்களின் ஜோடியாகக் கொடுக்க வேண்டும்.

கேட்ட எழுத்துரு கணினியில் இல்லாதபோது வேர்டு மறுப்பதில்லை. இருப்பதில் ஒன்றை வாயைத் திறக்காமல் பதிலுக்கு வைத்து, தலைப்பில் மட்டும் கேட்ட பெயரையே அச்சிட்டுத் தருவதால், பெயர் ஒன்றும் பண்டம் வேறொன்றுமாக ஒரு பொய் அட்டவணை உருவாகிறது. நிறுவப்பட்ட எழுத்துருக்களின் பட்டியலில் அப்பெயர் உண்டா என்று முதலில் சரிபார்க்கும் இரண்டு வரிகளை மேக்ரோவில் சேர்ப்பது அவசியம். தாளின் அடியில் எழுத்துருவின் பதிப்பெண்ணையும் அச்சிட்ட தேதியையும் குறித்து வைப்பதும் அப்படியே. ‘சிம்பல்’ என்னும் கிரேக்கக் குறியீட்டு எழுத்துருவின் பழைய அட்டவணைகளில் 160-ஆம் கட்டம் காலியாக இருக்கும், யூரோ நாணயம் பிறந்த பின் வந்த பதிப்புகளிலோ அந்த இடத்தில் யூரோக் குறி குடியேறியிருக்கிறது.