மரமும் மஷூராவும்: ஊர்ப் பசுமையைக் காப்பது யார் பொறுப்பு?



ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ளது. மரம் நடுவதன் நன்மை நமக்குத் தெரியும். ஆனால் அந்த மரமும், அது நிற்கும் இடமும் நாளைக்கு இருக்குமா என்பதை முடிவு செய்பவர் யார்? இதுவே இந்த மாதப் பாடம்.

பூங்கா, திறந்தவெளி என்பதெல்லாம் நகரத்தார் கவலை என்று நினைக்க வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்ட மக்களில் சுமார் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் வசிப்பவர்கள். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிறோம். கடியப்பட்டணம் ஊராட்சியாக இருந்தாலும், பக்கத்தில் மணவாளக்குறிச்சியும் மண்டைக்காடும் பேரூராட்சிகள். தென்னந்தோப்பு மனையாகும்போது, பிள்ளைகள் விளையாடும் இடமும் நிழலும் சேர்ந்தே போகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1992-இல் நிறைவேறிய 73, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்தன. நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என 12ஆவது அட்டவணை சொல்லும் 18 பொறுப்புகளில் நகர்ப்புற வனம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பூங்கா, விளையாட்டுத் திடல் ஆகியவை உண்டு. ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையில் சமூகக் காடு வளர்ப்பு இருக்கிறது.

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுபவர், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப்பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். பொது இடத்து மரங்களை வெட்டுவதை ஒழுங்குபடுத்த, மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு உள்ளது.

பெங்களூர் வழக்கு

பெங்களூரில் ஒரு குடியிருப்புத் திட்டத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை, தனியார் மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். முடிவு மாநில அரசின் மேல்மட்டத்தில் எடுக்கப்பட்டது. அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது.

கட்ட நினைத்தது சாராயக்கடை அல்ல, மருத்துவமனை. நல்ல காரியத்துக்காகவும் பொது இடம் பறிபோகலாம். தர்ம காரியங்களில் ஈடுபடும் நாமும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கோட்டூர்புரம் காட்டும் வழி

சென்னையில் அடையாறு ஓரம் கோட்டூர்புரத்தில் அரசு நிலம் ஒன்று குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. 'நிழல்' என்ற அமைப்பும் அப்பகுதி மக்களும் 2006 முதல் அங்கே நாட்டு மரங்களை நட்டு வளர்த்தார்கள். இன்று அது மரப்பூங்கா. இடம் அரசுடையது, அனுமதி அரசுடையது, தொடர்ந்து வந்து தண்ணீர் ஊற்றிய கைகள் மக்களுடையவை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மரம் நிலைக்காது.

அதிகாரம் ஊருக்கு வந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. கிட்டத்தில் இருப்பவருக்குத்தான் இடத்தின் அருமை தெரியும். அந்த இடத்தின் மேல் ஆசையும் அவருக்குத்தான் அதிகம். நாலு பேர் மட்டும் கூடி முடிவெடுத்தால், அந்த நாலு பேருக்கு வேண்டியதே நடக்கும். அதனால்தான் மார்க்கம் மஷூராவை வலியுறுத்துகிறது. ஈமான் கொண்டோர் தங்கள் காரியங்களைக் கலந்தாலோசித்து நடத்துவார்கள் என்பது குர்ஆன் (42:38) காட்டும் பண்பு.

நம் கையில் இருப்பது

1. கிராம சபைக்குப் போவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆண், பெண் யாரும் பேசலாம். நாகர்கோவில் மாநகராட்சியில் குடியிருக்கும் உறவினர்களுக்குப் பகுதி சபை உண்டு. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 முதல் அவை கூட்டப்படுகின்றன.

2. கேள்வி கேட்போம். நம் பகுதி மனைப்பிரிவில் திறந்தவெளி எங்கே? தானப்பத்திரம் ஆகிவிட்டதா? வேலி உண்டா? கேட்டதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்வோம்.

3. வீட்டை முதலில் சரிசெய்வோம். பள்ளிவாசல் வளாகமும் கபர்ஸ்தானும் ஜமாஅத்தின் பொறுப்பில் உள்ளவை. அங்கே ஒரு மரத்தை வெட்டுமுன், ஒரு மூலையை சிமெண்ட் போட்டு மூடுமுன், ஜமாஅத்தில் வைத்துப் பேசுவோம். பெண்களின் கருத்தையும் கேட்போம். மதீனாவின் ஹரம் எல்லைக்குள் மரங்களை வெட்டக் கூடாது என்று தடுத்தவர் நம் நபி (ஸல்) அவர்கள்.

வீட்டில் பேச: உங்கள் தெருவில் எல்லோருக்கும் நிழல் தரும் மரம் எது? அது யார் இடத்தில் நிற்கிறது? அதை வெட்ட ஆள் வந்தால் யாரிடம் முறையிடுவது? இந்த மூன்றுக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து பதில் தேடுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால், அதையே அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இந்த அமானிதத்தைப் பேணிக் காக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.