கடன் கொப்பிக்கு இன்னொரு பிரதி

சென்ற மாதம் ஓர் இரவு, இஷா முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. நகரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் பேசினார். "தம்பி, கொம்பியூட்டர் ஓன் ஆகுதில்ல. உள்ளுக்கு டிக் டிக் எண்டு சத்தம் மட்டும் வருது" என்றார். தொலைபேசியைக் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லிக் கேட்டேன். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் கேட்க விரும்பாத சத்தம் அது. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தகட்டைப் படிக்கும் முள், தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வரும் ஓசை.

"பெக்கப் இருக்கா ஹாஜியார்?"

"இருக்கு தம்பி. ஒவ்வொரு வியாழனும் டீ டிரைவில போட்டு வைக்கிறம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நமது கடைகளில் உள்ள பெரும்பாலான கொம்பியூட்டர்களில் சீ டிரைவ், டீ டிரைவ் என்று இரண்டாகத் தெரிவது ஒரே டிஸ்க்தான். ஒரு வீட்டுக்குள் சுவர் வைத்து இரண்டு அறையாகப் பிரித்ததைப் போன்றது. கூரை விழுந்தால் இரண்டு அறைக்கும் சேர்த்தே விழும். (சில புதிய கொம்பியூட்டர்களில் உண்மையாகவே இரண்டு டிஸ்க் இருப்பதுண்டு. விற்றவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.)

மறுநாள் காலையில் கடைக்குப் போய், எது போனது, எது போகவில்லை என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். சாமான் கடையில் இருக்கிறது, எண்ணிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கை வங்கியிடம் கேட்டால் அச்சிட்டுத் தருவார்கள். கொழும்பு மொத்த வியாபாரிகளுக்கு ஹாஜியார் கொடுக்க வேண்டிய தொகையை அவர்களே சொல்லிவிடுவார்கள், அதில் ஒரு சதமும் குறையாது. ஆனால் மேசன்மாரும் ஒப்பந்தக்காரரும் சின்னக் கடைக்காரரும் ஹாஜியாருக்குத் தர வேண்டிய கடன், அந்த டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது.

ஐந்து சந்திக்குக் கிட்ட வாப்பாவுக்கு ஒரு சிறிய கடை இருந்தது. சீமெந்து, தகரம், ஆணி, பெயின்ட். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது ஆறு. அன்றைய தினத்தைப் பற்றி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம். மேசை லாச்சிக்குள் கடன் கொப்பி இருந்தது.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த முதல் மாதங்களில் வாப்பா ஒரு சீஆர் கொப்பி வாங்கி, யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று நினைவிலிருந்து எழுதப் பார்த்தார். பெயர் வந்தால் தொகை வராது. தொகை வந்தால், அதில் எவ்வளவு கட்டினார் என்பது வராது. பல வரிகளின் எதிரே கேள்விக்குறிதான் இருந்தது. ஆனால் கொழும்பில் வாப்பா கடனுக்குச் சாமான் எடுத்த மொத்தக் கடைக்காரரின் பேரேட்டில் எல்லாம் பத்திரமாக இருந்தது. வாப்பா நேரில் போனபோது அவர் பக்கத்தைத் திறந்து வாசித்தார். அதை வாப்பா நான்கு வருடங்களில் கட்டி முடித்தார். அவர் கொடுக்க வேண்டிய கடனுக்கு இரண்டு பிரதி இருந்தது, ஒன்று யாழ்ப்பாணத்தில், மற்றது கொழும்பில். அவருக்கு வர வேண்டிய கடனுக்கு இருந்ததோ ஒரே பிரதி.

இதே கணக்கைப் பெரிய அளவில் நமது ஊர் இன்னொரு தடவையும் பார்த்திருக்கிறது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன என்பார்கள். அச்சு நூல்களில் பலவற்றுக்கு வேறெங்கோ ஒரு பிரதி இருந்தது, தேடிச் சேர்க்க முடிந்தது. கையால் எழுதிய ஏட்டுச் சுவடிக்கு அந்த வசதி இல்லை. 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்த்து வைக்கிறது. பிரதி வேறோர் இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத்தான் அவர்களும் பெரிய அளவில் செய்கிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம். கொம்பியூட்டர்காரர் மத்தியில் 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. அதைப் பரவச் செய்தவர் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறோர் இடத்தில். கடைக்கு ஏற்றபடி சொன்னால், கடைக் கொம்பியூட்டரில் உள்ளது ஒன்று, பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது இன்னொன்று, கூகுள் டிரைவிலோ மின்னஞ்சலிலோ போடுவது மூன்றாவது. இதற்குப் பெரிய செலவில்லை. கூகுள் 15 ஜிகாபைட் வரை இலவசமாகத் தருகிறது. ஐயாயிரம் வரி உள்ள எக்செல் கணக்கு, கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படத்தை விடச் சிறியதாகவே இருக்கும். கொழும்பிலோ புத்தளத்திலோ இருக்கும் மகனுக்கு வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டாலும் போதும். இன்றைக்கும் நம்மில் பலருக்கு இரண்டு ஊரிலும் வீடு இருக்கிறது. அந்த அலைச்சலால் விளைந்த ஒரே நன்மை இதுவாக இருக்கட்டும்.

பென் டிரைவைக் கொம்பியூட்டரிலேயே செருகி விட்டுவிடுவது பலரின் பழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். 2017 மே மாதம் வன்னாகிரை என்ற வைரஸ் உலகெங்கும் பரவியபோது, கொம்பியூட்டரில் உள்ள பைல்களை மட்டுமன்றி, அதில் செருகியிருந்த டிரைவ்களில் உள்ளவற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரதி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது, பழைய பிரதியின் மேல் புதிய பிரதியை எழுதுவது. கணக்கு பைல் புதன்கிழமை பழுதடைந்திருக்கும், அது தெரியாமல் வியாழக்கிழமை அந்தப் பழுதான பைலையே நல்ல பிரதியின் மேல் எழுதிவிடுவோம். பிறகு இரண்டும் பழுது. ஆகவே ஒவ்வொரு தடவையும் புதிய பெயர் கொடுங்கள். பெயரில் வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் திகதி இருக்கட்டும், உதாரணமாக 2025-03-09. அப்படி எழுதினால் பைல்கள் தாமாகவே கால ஒழுங்கில் நிற்கும்.

இந்த ஒழுங்கு எக்செல்லுக்கு உள்ளேயும் உதவும். நாம் 04/07 என்று எழுதினால் ஜூலை 4. கொம்பியூட்டர் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் அது ஏப்ரல் 7 என்று எடுத்துக்கொள்ளும், பிழை என்று எச்சரிக்காது. 25/07 என்று எழுதினால் இருபத்தைந்தாவது மாதம் இல்லையென்பதால் அதைத் திகதியாகவே கொள்ளாது, வெறும் எழுத்தாக விட்டுவிடும். பின்திகதியிட்ட காசோலைகளை எக்செல்லில் பதிந்து வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வருடத்தை முதலில் எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

பிரதி இருந்தும் வாசிக்க முடியாமல் போவது இன்னொரு கதை. நமது பகுதியில் பழைய கணக்குகள் பல பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் கொம்பியூட்டருக்குள் உண்மையில் பதிவது ஆங்கில எழுத்து, அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பாமினி இல்லாத இன்னொரு கொம்பியூட்டரில் அல்லது கைத்தொலைபேசியில் திறந்தால் வாடிக்கையாளர் பெயர்களெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அவசரத்துக்குப் பிரதியைத் திறப்பது பெரும்பாலும் இன்னொருவருடைய கொம்பியூட்டரில்தான் என்பதை நினைவில் வையுங்கள். யூனிகோட் முறையில் 1991 இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. இன்றைய கைத்தொலைபேசிகளில் நாம் தட்டுவதெல்லாம் யூனிகோட்தான். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவச வசதிகள் இணையத்தில் உள்ளன. ஒருநாள் உட்கார்ந்து மாற்றிவிடுங்கள். எண்கள் உள்ள நிரல்களைத் தொடாமல் பெயர் நிரலை மட்டும் மாற்றுவது நல்லது.

பெயர் என்றதும் நமக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். முஹம்மத், முகம்மது, மொஹமட். மனிதருக்கு மூன்றும் ஒன்றுதான், கொம்பியூட்டருக்கு மூன்றும் மூன்று பேர். ஒரு கடையில் ஒரே வாடிக்கையாளரின் கடன் மூன்று இடத்தில் பிரிந்து கிடந்ததையும், வேறு ஒரு கடையில் ஒரே பெயருடைய இருவரின் கடன் ஒன்றாகச் சேர்ந்து சண்டையில் முடிந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடை இலக்கம் ஒன்று கொடுங்கள். தொலைபேசி இலக்கத்தையே அடையாளமாக வைக்கலாமே என்பீர்கள். அது மாறும். தவிர, எக்செல் அதன் முன்னால் உள்ள பூச்சியத்தை விழுங்கிவிடும், 077 என்று தொடங்கினால் 77 என்றுதான் நிற்கும். தட்டுவதற்கு முன் அந்த நிரலை டெக்ஸ்ட் என்று மாற்றிக்கொண்டால் பூச்சியம் தங்கும்.

என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடைக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருளில், கணக்கு முழுவதும் நான் மட்டுமே திறக்கக்கூடிய விதத்தில் பூட்டப்பட்டிருந்தது. பாதுகாப்பு என்று பெருமையாக நினைத்தேன். டெங்குக் காய்ச்சலில் நான் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த மென்பொருள் நின்றுவிட்டது. அந்த வாரம் முழுவதும் தன்னுடைய கணக்கைத் தானே பார்க்க முடியாமல் அந்த முதலாளி தவித்தார். இப்போது நான் எழுதும் எல்லாவற்றிலும் முழுக் கணக்கையும் ஒரே அழுத்தில் எக்செல்லாக வெளியே எடுக்கும் பொத்தான் இருக்கும். நீங்கள் யாரிடம் மென்பொருள் வாங்கினாலும், முன்பணம் கொடுக்க முன் அந்தப் பொத்தானைக் காட்டச் சொல்லுங்கள். அதில் வரும் பைலை அவரில்லாமல், அந்த மென்பொருள் இல்லாத கொம்பியூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதியாக எண்ண வேண்டாம்.

மாத முடிவில் நிலுவைப் பட்டியலைக் கடதாசியிலும் அச்சிட்டு வையுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாதிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாட்களில் கொப்பிக்காரர்கள்தான் நிம்மதியாக வியாபாரம் செய்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் சுலபமானதும், நம்மவர்கள் செய்யக் கூச்சப்படுவதுமான ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவரது நிலுவையை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "காசு கேக்கிறாரெண்டு நினைப்பாங்க தம்பி" என்பார்கள். கேட்காதீர்கள், தெரிவியுங்கள். பிழை இருந்தால் சொல்லும்படி ஒரு வரி சேருங்கள். அவர் "சரி" என்று பதில் போட்டால் உங்கள் கடன் கொப்பியின் இரண்டாவது பிரதி அவர் கையில் இருக்கிறது, சம்மதத்துடன். குர்ஆனின் மிக நீளமான வசனமான அல்பகராவின் 282 ஆம் வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை எல்லோரும் அறிவோம். அதில், எழுதுபவருக்கு வாசகம் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர் என்று இருப்பதைச் சிலர் கவனிப்பதில்லை. கடன் கொடுத்தவரின் கொப்பி மட்டும் தனியாகப் பேசுவது போதாது போலும்.

2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு வாப்பா கடையைப் பார்க்க யாழ்ப்பாணம் போனார். சுவர் மட்டும் நின்றது. அவர் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு ஒரு மேசன் சைக்கிளில் வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, தன் கையெழுத்தில் இருந்த 1,840 ரூபா என்ற வரியைக் காட்டினார். சரியா என்று பார்க்க வாப்பாவிடம் எதுவும் இருக்கவில்லை. அவர் ஒருவர்தான் எழுதி வைத்திருந்தார். மற்றவர்கள் ஏமாற்றினார்கள் என்று வாப்பா ஒருபோதும் சொன்னதில்லை. "அவங்களுக்கும் ஞாபகம் இல்லாமப் போயிருக்கும்" என்பார்.

ஹாட்வெயார் ஹாஜியாரின் டிஸ்க் கொழும்புக்குப் போய் வந்தது. கணக்கில் ஒரு பகுதி மீண்டது. மீதியை அவர் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் போய், அவர்களிடமிருந்த பில் துண்டுகளை வைத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று மறுபடியும் பேசினார். இரண்டு பென் டிரைவ் வாங்கிவிட்டாராம். பழுதான டிஸ்க்கைப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று கேட்டார். அதற்குள் இன்னமும் அத்தனை பேரின் பெயரும் இலக்கமும் கடனும் இருக்கிறது, கெட்டிக்காரன் ஒருவன் கையில் கிடைத்தால் எடுத்துவிடுவான், முதலில் நடுவில் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள் என்றேன். ஹாட்வெயார் கடைதானே, டிரில் மெஷினுக்கா பஞ்சம்.