மீத்தேன் வாயுவும் நமது கடைகளும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, நோன்புப் பெருநாளின் மறுநாள். பிரிக்பீல்ட்ஸில் உள்ள நமது மளிகைக் கடையைப் பெருநாளுக்காக மூடியிருந்தோம். உறவினர்களைப் பார்த்து முஸாபஹா செய்து வரப் புறப்படும் வேளையில் டெலிபோனுக்கு மேல் டெலிபோன் வந்தது. புத்ரா ஹைட்ஸில் பூமி பிளந்து நெருப்பு எழும்புகிறது என்றார்கள்.

விஷயம் இதுதான். காலை 8.10 மணியளவில், பெட்ரோனாஸ் நிறுவனம் பூமிக்கடியில் பதித்திருந்த எரிவாயுக் குழாய் உடைந்து தீப்பற்றிக்கொண்டது. இருபது மாடி உயரத்துக்கு ஜுவாலை எழுந்ததென்று பத்திரிகைகள் எழுதின. குழாய் இருந்த இடத்தில் சுமார் 30 அடி ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமுற்றார்கள். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. வீடிழந்தவர்களுக்குப் புத்ரா ஹைட்ஸ் பள்ளிவாசல் திறந்துவிடப்பட்டது. பெருநாள் உடுப்போடு ஓடி வந்தவர்கள் அங்கே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். குழாயின் கீழிருந்த மண் நிலைகுலைந்ததே காரணமென்று ஜூன் மாதத்தில் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று.

அதன் பிறகு பல வாரங்கள் கடைக்கு வருகிறவர்களெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பாய், அதுவும் நம்ம அடுப்பு கேஸும் ஒண்ணுதானே?" நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. ஆயினும் தெரிந்தவர்களிடம் கேட்டும், படிக்கச் சொல்லிக் கேட்டும் அறிந்துகொண்டதை, நம்மைப் போன்ற வியாபாரச் சகோதரர்களுக்காக இங்கே எழுதுகிறோம். எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது பின்னால் வரும்.

அந்தக் குழாயில் ஓடியது இயற்கை எரிவாயு. அதில் மிகப் பெரும்பகுதி மீத்தேன். திரங்கானுக் கடலுக்கடியிலிருந்து எடுத்து, கெர்த்தேயில் சுத்தம் செய்து, குழாய் வழியாக நம் பக்கம் அனுப்புகிறார்கள். மீத்தேன் என்பது நடுவே ஒரு கரி அணு, அதைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் அணுக்கள், அவ்வளவே. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. காற்றின் கனத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் அதன் கனம். ஆகவே திறந்த வெளியில் விட்டால் மேலே போய்விடும்.

இதை முதலில் பிரித்தறிந்தவர் வோல்ட்டா என்னும் இத்தாலியர். 1776இல் மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கோலால் கலக்கி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். செத்த இலையும் தழையும் காற்றுப் புகாத சேற்றில் அழுகும்போது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இதை உண்டாக்குகின்றன. சேற்றில் மட்டுமல்ல, குப்பை மேட்டில், கழிவுக் குழியில், மாட்டின் வயிற்றில், மனிதன் குடலில்கூட அந்த வேலை நடக்கிறது. புச்சோங் ஆயர் ஈத்தாமில் பழைய குப்பை மேட்டின் வாயுவைக் கொண்டு 2004இல் மின்சாரம் எடுக்கவே ஆரம்பித்தார்கள்.

ஊரிலும் நம்மவர்களுக்கு இந்தப் பெயர் புதிதன்று. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010இல் ஒரு கம்பெனிக்கு உரிமை கொடுத்தார்கள். கரியிலிருந்து வாயு பிரிய வேண்டுமானால் முதலில் அங்குள்ள தண்ணீரை இறைத்துத் தள்ள வேண்டும். நெல் விளையும் பூமியில் அப்படிச் செய்தால் கிணறு என்னாவது என்று விவசாயிகள் எழும்பினார்கள். 2013இல் தமிழக அரசு அதை நிறுத்திவைத்தது, 2015இல் தடை செய்தது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைக்காரர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிற்க. வாயு எப்படி எரிகிறது? நாம் கல்லாவில் கணக்கு எழுதிப் பழகியவர்கள். இதையும் கணக்காகவே பார்த்துவிடலாம். 16 கிலோ மீத்தேன் முழுதாக எரிய 64 கிலோ பிராணவாயு வேண்டும். மொத்த வரவு 80. எரிந்த பின் 44 கிலோ கரியமிலவாயுவும் 36 கிலோ நீராவியும் கிடைக்கும். செலவும் 80. ஒரு குன்றிமணிகூடக் குறைவதில்லை. பிராணவாயு போதாவிட்டால்தான் கணக்குப் பிசகுகிறது. அப்போது கரியமிலவாயுவுக்குப் பதிலாகக் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயு பிறக்கும். இது இரத்தத்தோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். நீல ஜுவாலை மஞ்சளாக மாறிப் பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லையென்று பொருள்.

காற்றில் மீத்தேன் 5 சதவீதத்துக்குக் குறைந்தால் பற்றாது. 15 சதவீதத்தைத் தாண்டினாலும் பற்றாது. இடையிலுள்ளதே ஆபத்தான அளவு. அதனால்தான் குழாய் எரியும்போது தீயணைப்புப் படையினர் ஜுவாலையை முதலில் அணைப்பதில்லை. நெருப்பை அணைத்துவிட்டு வாயுவை ஓடவிட்டால் அது சுற்றிலும் பரவிக் காற்றோடு கலந்து, பிறகு ஒரேயடியாக வெடிக்கும். இரு பக்கத்து அடைப்பான்களையும் மூடிவிட்டு, மிச்சம் எரிந்து தீரும் வரை பக்கத்து வீடுகளைக் காப்பாற்றிக்கொண்டு நிற்பதே முறை. "பொம்பா வந்தும் சும்மா நின்றார்கள்" என்று அன்று குறை சொன்னவர்கள் இதை அறிவார்களாக.

இப்போது வாடிக்கையாளர் கேள்விக்கு வருவோம். நாம் விற்கும் 14 கிலோ கேஸ் தோம்பில் இருப்பது மீத்தேன் அல்ல. புரொப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்கள். இவை காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமுள்ளவை. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தண்ணீர் மாதிரி பரவி, சாக்கடைக்குள்ளும் படிக்கட்டின் கீழும் போய்த் தங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே பற்றும். ஆகவே குழாய் எரிவாயு உள்ள வீட்டில் மேல் ஜன்னல் முக்கியம், தோம்பு உள்ள கடையில் கீழ்வாசல் முக்கியம். தோம்பைப் பள்ளமான பின்னறையில் அடுக்குவது நம்மவர்களிடம் சகஜமாகிவிட்டது, அது தவறு. வாடை வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி பறக்கும். வாயுக்கு இயற்கையில் மணமில்லை. வீட்டுக்கு வருவதற்கு முன் நாற்ற மருந்து கலந்து அனுப்புகிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். கழிவுக் குழியில் பிறக்கும் மீத்தேனுக்கு அப்படிக் கலப்பவர் யாருமில்லை.

நாம் மேலே குறிப்பிட்ட வேறு காரணம் இந்தக் குழிதான். ஆறேழு வருஷங்களுக்கு முன் நமது கடை வரிசையின் பின்சந்தில் கழிவுக் குழி அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறி அரிசி மூட்டை அடுக்கிய கிடங்குக்குள் வந்துவிட்டது. மூட்டை நனைகிறதே என்ற பதற்றத்தில், கடையில் வேலை பார்த்த முத்துப்பேட்டைப் பையனிடம், "மூடியைத் திறந்து இறங்கிப் பாரு தம்பி" என்று சொன்னோம். சொன்னது நாமே, வேறு யாருமல்ல. "சரி முதலாளி" என்று இறங்கினான். எட்டடிக் குழி. நான்கு படி இறங்கியவன் கூப்பிடவுமில்லை, இருமவுமில்லை. அப்படியே மடங்கி விழுந்தான்.

இன்னொருவன் அவனைத் தூக்க உடனே காலை வைத்தான். அடுத்த கடைக் காவல்காரர் கிழவர், மலாய்க்காரர், அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மற்றொருவர் ஊரில் கிணற்றுக்குள் அரிக்கேன் விளக்கை இறக்கிக் காற்றுப் பார்க்கும் வழக்கப்படி, காகிதத்தைக் கொளுத்திப் போடப் போனார். அவரையும் கிழவரே அதட்டினார். மீத்தேன் உள்ள குழியில் அது வெடி வைப்பதற்குச் சமம் என்று நமக்கு அப்போது தெரியாது. 999க்குச் சொல்லி, முதுகில் காற்றுப் பெட்டி கட்டியவர்கள் வந்து பையனை வெளியே எடுத்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர் நமக்கு விளங்கச் சொன்னார். மீத்தேன் விஷமல்ல. அது இரத்தத்தையோ நரம்பையோ தாக்குவதில்லை. ஆனால் காற்று இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. நல்ல காற்றில் பிராணவாயு 21 சதவீதம். பாதி இடத்தை மீத்தேன் பிடித்தால் அது பத்துக்கு இறங்கும், அறிவு மயங்கும். ஆறுக்குக் கீழே போனால் சில மூச்சிலேயே விழுந்துவிடுவான். மூச்சுத் திணறல் ஏன் தெரியவில்லை என்று கேட்டோம். உடம்பு பெரும்பாலும் கரியமிலவாயு கூடுவதைக் கொண்டே திணறலை உணர்கிறதாம். அது தடையின்றி வெளியே போய்க்கொண்டிருக்கும்போது, உள்ளே வருவது வெறுங்காற்றல்ல என்று உடம்புக்குத் தெரிவதில்லை. இதற்கு மாற்று மருந்து கிடையாது. நல்ல காற்றும் பிராணவாயுவுமே மருந்து. நாலைந்து நிமிஷம் கடந்தால் மூளை கெடும்.

கழிவுக் குழியில் மீத்தேன் தனியாக இருப்பதில்லை. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் கூடவே இருக்கும். அது அசல் விஷம். அளவு கூடினால் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். "இப்போது நாற்றமில்லை, இறங்கலாம்" என்று நினைப்பது அதனால்தான் மோசம்.

வயிற்று வாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமார் மூன்றில் ஒருவர் மூச்சில் மீத்தேன் இருக்கிறது. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. மலச்சிக்கலுள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. 2006இல் அமெரிக்காவில் நாய்களின் குடலில் மீத்தேனைச் செலுத்திப் பார்த்தபோது குடலின் ஓட்டம் 59 சதவீதம் தாமதப்பட்டது. டாக்டர்கள் மூச்சைப் பிடித்துச் சோதித்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். நம்மவர்கள் எல்லா வயிற்று உபாதைக்கும் பெருங்காயத்தைத் தேடுவது வேறு விஷயம். பெருங்காயம் விற்கும் நாம் அதைக் குறை சொல்வதற்கில்லை.

மருந்தாகுமா என்றும் ஆராய்கிறார்கள். ஹங்கேரியில் செகெத் நகரப் பல்கலைக்கழகத்தார், இரத்த ஓட்டம் தடைப்பட்டு மீண்ட நாய்க் குடலில் 2.5 சதவீத மீத்தேன் கலந்த காற்று வீக்கத்தைத் தணித்ததாக 2012இல் எழுதினார்கள். வெடிக்கும் அளவான ஐந்தில் இது பாதி என்பதைக் கவனிக்கவும். பிராணவாயுவையும் அவர்கள் குறைக்கவில்லை. மிருகங்களோடு நிற்கும் சோதனையை வைத்து யாராவது மீத்தேன் தண்ணீர் என்று புட்டியில் கொண்டு வந்தால், கடையில் வாங்கி அடுக்க வேண்டாம்.

பையன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போதும் நம் கடையிலேயே இருக்கிறான். பருப்பு விலை மட்டும் சில நாள் மறந்துபோகும். விலைச் சீட்டை எழுதி அவன் பக்கம் ஒட்டி வைத்திருக்கிறோம். பின்சந்துக் குழி மூடிக்குப் பூட்டு போட்டாயிற்று, சாவி கல்லாப் பெட்டியில் இருக்கிறது. அடைப்பு வந்தால் உறிஞ்சு குழாயுள்ள லோரியைக் கூப்பிட்டு, அந்தச் செலவை வாடகைக்கு அடுத்த வரியில் எழுதிக்கொள்கிறோம்.