டிராக்டர் வேகமும் களைக்கொல்லி அளவும்

டிராக்டரில் பொருத்திய தெளிப்பான் மூலம் களைக்கொல்லி தெளிக்கும்போது, வண்டியின் வேகம் கூடினால் ஏக்கருக்கு விழும் மருந்து குறையும். வேகம் குறைந்தால் மருந்து கூடும். தெளிப்பு அழுத்தம் மாறாத வரை இது எதிர்விகிதக் கணக்காகும்.

வேகத்தைக் கண்டறிய, வயலில் 50 மீட்டர் அளந்து இரு முனைகளிலும் குச்சி நட வேண்டும். தொட்டியில் பாதியளவு நீர் நிரப்பி, தெளிக்கும்போது ஓட்டும் கியரிலேயே ஓட்டி, அத்தூரத்தைக் கடக்க ஆகும் விநாடிகளைக் குறித்துக்கொள்ளவும். 180-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால், மணிக்கு எத்தனை கி.மீ. வேகம் என்பது கிடைக்கும். 45 விநாடி ஆனால் 4 கி.மீ.; 36 விநாடி ஆனால் 5 கி.மீ.

4 கி.மீ. வேகத்தில் ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் விழுவதாகக் கொள்வோம். வேகம் 5 கி.மீ. ஆனால், 200-ஐ 4-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க, 160 லிட்டரே விழும். அதாவது, வேகம் கால் பங்கு கூடினால் மருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, களை தப்பிவிடும். வேகம் 3 கி.மீ. ஆகக் குறைந்தால் சுமார் 267 லிட்டர் விழும், பயிர் கருகக்கூடும்.

ஆகவே வாடகை டிராக்டரானாலும், மருந்து கலக்குமுன் வெறும் நீரோடு ஓட்டிப் பார்த்து, அதே கியரில், அதே எஞ்சின் வேகத்தில் தெளித்தால் மருந்துச் செலவு வீணாகாது.