பாரத்தில் ஒரு கேள்வி

ஆழ்வார்திருநகரி

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் அம்மை போனில் அழுதாள். துறைமுக வேலைக்கான பாரத்தில், ‘தண்டனை பெற்றதுண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதச் சொல்கிறானாமே உன் அப்பன்? முடிவு உன்னுடையது. எனக்குத்தான் ராத்திரி கண் மூட முடியவில்லை.

அவன் சொல்லத்தான் செய்வான். அந்த அடிதடி வழக்கு நடந்தபோதும் நீ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாக ஊரெல்லாம் சொன்னான். நன்னடத்தை அலுவலரைப் பார்க்க நீ பஸ் ஏறியதை ஊரே பார்த்தது. சம்பந்தம் பேசப் போன இடத்தில் அந்தப் பொய்க்கு முகம் கொடுத்தவன் நான். போகட்டும், பழைய கதை.

போலீஸ் விசாரணைக்கு வரும். உன் பெயர் ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கிறது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கேட்ட தகவலை உண்மையாக எழுத வேண்டும், மறைத்தது பின்னால் தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கலாம். சொன்னால் வேலை உறுதி என்றும் இல்லை, யோசித்து முடிவெடுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் சின்ன வழக்கைப் பெரிதுபடுத்தாமல் விடலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுது, கேட்காததை நீட்டி முழக்காதே. உன்னை 1958-ஆம் வருஷச் சட்டப்படி நன்னடத்தையில் விட்டார்கள். அதன் 12-ஆம் பிரிவின்படி தண்டனையால் வரும் தகுதிக்குறைவு உனக்கு இல்லை. அதற்காகத் தண்டனையே இல்லை என்று எழுதிவிட முடியாது.

நீ வேலை கேட்கும் துறைமுகம் யார் பெயரில் இருக்கிறது? 1908-இல் தண்டனை பெற்ற வ.உ.சி. பெயரில். அவர் நாட்டுக்காகத் தண்டனை பெற்றார், நீ ஆத்திரத்தில் கைநீட்டிப் பெற்றாய், ஒன்றென்று சொல்லவில்லை. 1912-இல் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவருக்கு வக்கீல் சன்னதும் இல்லை. ஊரறிந்த தண்டனை, மறைக்க வழியே கிடையாது. அதையெல்லாம் தெரிந்துதான் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. உன் பாரத்தைப் பார்ப்பவரும் அப்படி ஒருவராக இருக்கக்கூடாதா?

உன் வழக்கின் தீர்ப்பு நகலை ஜெராக்ஸ் எடுத்துக் கவரில் வைத்திருக்கிறேன். என்ன எழுதுவது என்று நாலு வரியும் எழுதியிருக்கிறேன், பிடித்தால் வைத்துக்கொள்.

கடுமையாக எழுதிவிட்டேனோ? நீ எங்கள் வீட்டுத் தங்கம், ராசா. எதை எழுதினாலும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நான் உன் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் ரயிலில் ஏறி வந்துவிடு. பெரியம்மை சொதி வைக்கத் தேங்காய் எடுத்துவைத்திருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பெரியப்பா